சடைக் குருவியின் கூடப்பிறந்தவை

மலையிலிருந்து குப்பனூர் ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். உச்சி வேளைதான். ஆனால் பனி சாலைக்கே வந்துவிட்டிருந்தது. முன்னால் வரப்போகிற வளைவும் தெரியவில்லை, பின்னால் விட்டுவந்த வளைவும் தெரியவில்லை. தோளில் ரெக்சின் பை, அதற்குள் இரண்டு சட்டை, ஒரு போர்வை. பஸ் வரும்வரை பஜாரில் நின்றிருக்கலாம். நின்றால் நான் வேலை பார்த்த கடைக்கார பாய் வந்து கையைப் பிடித்துக் கூப்பிடுவார், நானும் போய்விடுவேன் என்று தெரிந்ததால் நடந்தேன்.

ஓரிடத்தில் அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய ஒற்றைச் சத்தம், மூச்சு விடுகிற மாதிரி, நிற்காமல். ஏரி ரோட்டில் பாய் கடைக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டில் மாதக்கணக்காக நான் கேட்டுக்கொண்டே தூங்கி எழுந்த சத்தம். நின்றுவிட்டேன். பாறையோரமாக எஸ்டேட்டுக்குப் போகிற தண்ணிக் குழாயில் ஒரு ஓட்டை, அதிலிருந்து தண்ணீரும் காற்றும் சேர்ந்து வந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான். இருந்தாலும் ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன். அந்தச் சத்தம் கொடுத்த குருவியை சௌசௌ பந்தலுக்கடியில் குழி தோண்டிப் புதைத்தவன் நான்தான்.

பாய் கடைக்கு நான் வேலைக்குப் போனது பறவைகள் மேல் இருந்த ஆசையால் இல்லை. அதற்கு முன் ஒரு லாட்ஜில் வெந்நீர் பாய்லருக்கு விறகு வைத்தேன், அதற்கு முன் மிளகு பறித்தேன், அதற்கும் முன்னால் லாரி கிளீனர். ஏழாவது பாதியில் நின்றவன். எந்த வேலையிலும் ஒரு வருடத்துக்கு மேல் கால் தரித்ததில்லை. மழைக்காலத்தில் லாட்ஜை மூடினார்கள். பாய் கடை வாசலில் ஒதுங்கினேன். மீன் தொட்டி கழுவத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். தெரியாது.

முன்னால் மீன் தொட்டிகள். பின்னால் தகர ஷெட்டில் லவ் பேர்ட்ஸ். சேலத்தில் ஒரு வீட்டிலிருந்து பாய் எப்போதோ வாங்கிவந்த ஒரே ஒரு நீல ஜோடியிலிருந்து அத்தனையும் வந்தவை. வெளிக் குருவியைச் சேர்த்தால் நிறம் கெட்டுவிடும் என்று அவர் உள்ளுக்குள்ளேயே ஜோடி போட்டார். அண்ணனுக்குத் தங்கை, தகப்பனுக்கு மகள். குருவிகள் தலைமுறைக்குத் தலைமுறை பெரிதாகவும் அழகாகவும்தான் ஆயின. தலை உருண்டு, முடி அடர்ந்து, பார்ப்பதற்குப் பஞ்சில் செய்து வைத்த மாதிரி இருக்கும். டூரிஸ்ட்காரர்கள் அதைப் பார்க்கத்தான் கடைக்குள் வருவார்கள்.

லவ் பேர்ட்ஸ் வளர்ப்பில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஓட்டை போட்ட மண்பானையைக் கூண்டில் மாட்டினால் பொட்டை உள்ளே போய் முட்டை வைக்கும். பானையை இறக்கிவிட்டால் அநேகமாகச் சும்மா இருக்கும். மூக்கு நீலமாக இருந்தால் சேவல், காப்பிப்பொடி நிறமென்றால் பொட்டை. இந்த இரண்டும் தெரிந்தால் போதும் என்று பாயின் சம்சாரம் எனக்குச் சொல்லித்தந்தார். அவரை நான் அக்கா என்பேன். குருவிகளுக்குத் தினை வைப்பது அவர்தான். கடை பாயுடையது, ஷெட் அக்காவுடையது.

நான் சேர்ந்த பிறகு பொரித்த ஓர் ஈடில் ஐந்து குஞ்சுகள். நான்கு சரியாக முடி விட்டு வெளியே வந்தன. ஐந்தாவது வெளியே வந்தபோதே அதன் இறகு முடிகிற இடத்தில் முடியவில்லை. வால் வளர்ந்தது, வளைந்தது. நெற்றி முடி இறங்கி மூக்கை மூடியது. மற்ற குருவிக்கு இறகு ஒரு அளவோடு நின்றுவிடும். இதற்கு நிற்கச் சொல்ல ஆளில்லை. ஒரு மாதத்தில் அது குருவி மாதிரியே இல்லை. தரை துடைக்கிற மாப்பின் தலையை யாரோ பிடுங்கிக் கூண்டுக்குள் போட்ட மாதிரி கிடந்தது. பறக்காது. குச்சியில் ஏறாது. ஓயாமல் தினை தின்றது, ஆனால் கையில் எடுத்தால் கனமே இருக்காது, எல்லாம் இறகுக்கே போனது. அந்த முடிக்குள்ளிருந்துதான் சத்தம் வரும்.

வாரம் ஒருமுறை அக்கா அதை மடியில் வைத்துக் கண்ணைச் சுற்றி வெட்டிவிடுவார். முடிக்குள்ளிருந்து ஒரு கறுப்புக் கண் வெளியே வந்து நம்மைப் பார்க்கும். அடுத்த வாரம் மறுபடி மூடிவிடும்.

“சலூன் வெச்சிருந்தாக்கூட இவ்வளவு ஓட்டம் ஓடாது போல” என்பார் பாய்.

சேலத்தில் கால்நடை டாக்டரிடம் கூடையில் வைத்துக் கொண்டுபோனார். திரும்பி வந்தவர் கூடையை ஷெட்டில் இறக்கி வைத்தார். சாயந்திரம் டீ குடிக்கும்போது சொன்னார். தொத்து வியாதி இல்லையாம், ரத்தத்தில் வருவதாம். தாய்க்குள்ளும் தகப்பனுக்குள்ளும் ஒளிந்துகொண்டிருந்து குஞ்சில் வெளியே வருமாம். மருந்து கிடையாது. வருசம் தாண்டாது. கூடப் பிறந்த நாலும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எதற்குள் அது இருக்கிறது, எதற்குள் இல்லை என்று பார்த்துச் சொல்ல முடியாதாம். அதனால் அந்த நாலுக்கும் பானை வைக்க வேண்டாம் என்றாராம். நாலுக்கு என்றால் எல்லாவற்றுக்கும்தான், ஷெட்டில் இருப்பதெல்லாம் ஒரே ரத்தம்.

பானைகளை இறக்கி மூலையில் அடுக்கினோம். பானை ஓட்டைகள் எல்லாம் எங்களைப் பார்த்தபடி இருந்தன. அக்கா ஒவ்வொன்றையும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

அதற்குப் பிறகு ஷெட்டில் எனக்குப் பழகாத ஒன்று நடந்தது. கூடப் பிறந்த நான்கும் பக்கத்துக் கூண்டில்தான் இருந்தன. பனி ஷெட்டுக்குள் வருகிற மத்தியானங்களில் எல்லாக் குருவிகளும் கத்துவதை நிறுத்தும். அது ஒன்று மட்டும் கத்தும். அப்போது அந்த நான்கும் ஒரே குச்சியில் வரிசையாக உட்கார்ந்து அது இருக்கும் பக்கமாகவே திரும்பியிருக்கும். ஒன்றுகூட அசையாது. நான் நடுவில் போய் நின்றாலும் என்னைப் பார்க்காது. சட்டையோடு என்னை ஊடுருவி அதைப் பார்ப்பது போலிருக்கும். தினை டப்பாவை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

வெளிச்சம் வேண்டும் என்று ஒருநாள் அந்தக் கூண்டைக் கடை முன்னால் மாட்டினேன். அன்றைக்குத்தான் அந்தப் பெண் வந்தாள். சேர்வராயன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு போய்விட்டு இறங்குகிற வழி. கூட அவள் புருசன், அவளைவிட நிறைய மூத்தவர், பேசாத ஆள். அவள் மீன் பார்க்கத்தான் உள்ளே வந்தாள். கூண்டைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

“ஏனுங்க, இது சடை விழுந்த குருவிங்களா?”

பாய் தன் வழுக்கையைத் தடவினார். “எண்ணெ வெக்காம உட்டா யாருக்கும் விழும்மா. எனக்குத்தான் அந்தக் குடுப்பினை இல்ல.”

அவள் சிரிக்கவில்லை. சடை தானாக விழுந்தால் அது சாமி இறங்கியது, கத்திரி படக்கூடாது என்பது மலைக்குக் கீழே எல்லாருக்கும் தெரிந்தது. மனுசருக்கு விழுந்து பார்த்திருக்கிறோம், குருவிக்கு யாரும் பார்த்ததில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த கோயில் குங்குமத்தை எடுத்துக் கூண்டுக் கம்பியில் வைத்தாள். இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய்விட்டது என்று எங்களிடமில்லை, குருவியிடம் சொன்னாள். குருவி சத்தம் கொடுத்துக்கொண்டே முகமில்லாத முகத்தை அவள் பக்கம் திருப்பியது. நான் பக்கத்தில்தான் நின்றேன். கூண்டுக் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் ஆட்கள் வந்தார்கள். மஞ்சள் துணி கட்டினார்கள், எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பாய் சாயந்திரமானால் எல்லாவற்றையும் அவிழ்த்து எடுப்பார், பள்ளிவாசலில் கேட்டால் நான் என்ன பதில் சொல்லட்டும் என்று புலம்புவார். கம்பியில் குங்குமத்தைத் துடைக்கிற வேலை எனக்கு. ஆனால் கூண்டை உள்ளே எடுத்து வைக்க அவருக்கு மனசு வரவில்லை. வருகிறவர்கள் முகம் அப்படி இருக்கும்.

கத்திரி நின்றுபோனது. ஒருநாள் அக்கா முடியை வெட்டி அதன் கண்ணைத் திறந்துவிட்டதை யாரோ பார்த்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்து அடுத்த வாரமே மலையேறி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“வெட்டாதீங்கக்கா. குத்தமாயிரும்.”

“அதுக்குக் கண்ணு மறைக்குது அம்மிணி. எரை தெரியல.”

“சடைக்குக் கண்ணு எதுக்குங்கக்கா?”

அதன் பிறகு குருவி இருட்டில்தான் இருந்தது. நான் தினையை விரலில் ஒட்டி முடிக்குள் விடுவேன். அலகு வந்து விரலைத் தேடும். உள்ளே எவ்வளவு தூரம் போனால் உடம்பு வரும் என்று ஒவ்வொரு முறையும் தெரியாது.

அவளுக்குத் தங்கியது. நாலாம் மாதம் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது. கூண்டைப் பார்த்ததும் முகம் மாறியது. குருவி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது, சத்தம் பாதியாகிவிட்டிருந்தது. அவள் பாயிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தாள். இது போவதற்குள் இன்னொன்று வர வேண்டும். இதன் கூடப் பிறந்ததுகளை ஜோடி போட்டால் வருமில்லையா. வந்துவிட்டால் தன் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

பாய் ஒரு மாதிரி மனிதர். யாரையும் அதட்டத் தெரியாது, அதிலும் புள்ளத்தாச்சி ஒன்று கேட்டால் இல்லையென்று சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர். டாக்டர் சொன்னதை அவளிடம் சொல்ல வாயெடுத்தார், வயிற்றைப் பார்த்தார், பார்ப்போம்மா என்று அனுப்பிவைத்தார். அவள் போனதும் என்னிடம் அந்த நாலுக்கும் பானை மாட்டச் சொன்னார். சரிங்க பாய் என்றேன். மாட்டவில்லை. மறுநாளும் சொன்னார். பானையில் விரிசல் என்றேன். அவர் மாட்டப் போனார். பானையைத் தூக்கிக் கொக்கி வரை கொண்டுபோனவர், அந்தச் சத்தம் கேட்டதும் அப்படியே நின்றார். பிறகு கீழே வைத்தார். வரப்போவது இன்னொரு இருட்டு என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவளுக்கு அது தெரிந்தால் வயிற்றில் இருப்பது என்னாகுமோ என்றும் பயம். இரண்டுக்கும் நடுவில் நாட்கள் போயின.

ஒரு மத்தியானம் ஷெட்டில் சத்தம் இல்லை. எனக்கு அதுதான் முதலில் உறைத்தது, ஏதோ கரண்ட் போன மாதிரி. போய்ப் பார்த்தேன். அந்த முடிக் குவியல் அப்படியே இருந்தது. அதற்குள் கைவிட்டு உடம்பைத் தேடி எடுத்தேன், பெருவிரல் அளவுகூட இல்லை. பக்கத்துக் கூண்டில் நான்கும் திரும்பி உட்கார்ந்திருந்தன, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அக்கா அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தார். அந்த நான்கில் இரண்டு சேவல், இரண்டு பொட்டை. சேவல் இரண்டையும் பிடித்து மேல்கூண்டில் போடச் சொன்னார். பொட்டை இரண்டையும் ஒன்றாக விட்டு, பானையைத் தன் கையாலேயே மாட்டினார்.

“பானை தொங்கட்டும். முட்டைகூட வெக்கும், படுத்துக்கும். அந்தப் புள்ள பாத்து மனசு ஆறிப் பெத்து எடுக்கட்டும். குஞ்சு மட்டும் வேண்டாம்.”

பாய் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தொழுகைக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண் வந்தது நான் கிளம்பிய அன்று காலையில். குருவி போய்விட்டது என்று பாய் சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அக்கா அவளை ஷெட்டுக்கு அழைத்துவந்து பானையைக் காட்டினார். ஓட்டைக்குள்ளிருந்து ஒரு நீலத் தலை வந்து எட்டிப் பார்த்தது. காப்பிப்பொடி மூக்கு. அவளுக்கு அது ஒரு மூக்கு, அவ்வளவுதான். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கோயிலுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனாள். இனி வாரா வாரம் வருவாள். வாரா வாரம் நான் பானையைத் திறந்து உள்ளே ஒன்றுமாகாத முட்டைகளை அவளுக்குக் காட்ட வேண்டும். அதை நினைத்துக்கொண்டு மீன் தொட்டியைக் கழுவி முடித்தேன். பிறகு பையை எடுத்தேன். அக்கா தடுக்கவில்லை. இரண்டு சப்பாத்தியைத் தாளில் சுற்றித் தந்தார்.

குழாயைத் தாண்டி இன்னும் சில வளைவுகள் இறங்கியிருப்பேன். பனிக்குள் ஒரு குட்டியானை லோடு வண்டி ஓரமாக நின்றது, இண்டிகேட்டர் மட்டும் அணைந்து அணைந்து எரிந்தது. யாரோ வாந்தி எடுக்கிற சத்தம். கிட்டப் போனதும்தான் தெரிந்தது அவள்தான். கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தாள். புருசன் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, நீங்க பாய் கடையில இருக்கறவருதானுங்க? பையத் தூக்கிட்டு எங்கீங்க?”

ஊருக்கு என்றேன். எனக்கு அப்படி ஓர் ஊர் கிடையாது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

“கேக்கோணும்னு இருந்தனுங்க. எம் புள்ள பொறக்கறதுக்குள்ள குஞ்சு வந்துருமில்லீங்க?”

முட்டை வைக்கும் என்று சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். அதுவும் பொய் இல்லை. ஆனால் வேலையை விட்டு வந்த பிறகும் அந்த வேலையைச் செய்ய என்னால் முடியவில்லை.

“வராதுங்க. உள்ள இருக்கறது ரெண்டும் பொட்டைங்க.”

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் சொன்னேன். அது சடை இல்லை, வியாதி. இறகுக்கு நிற்கத் தெரியவில்லை. தின்றதெல்லாம் இறகுக்குப் போய் உடம்பு ஒன்றுமில்லாமல் போனது. சாமிக்காகக் கத்தவில்லை, முடியாமல் கத்தியது. கூடப் பிறந்ததுகளை ஜோடி போட்டால் இன்னொன்று அப்படியே வந்து இருட்டில் கிடக்கும், அதனால் அக்காதான் வேண்டாம் என்றார், உங்கள் மனசு நோகக்கூடாது என்று பானையை மட்டும் மாட்டினார். ஏன் இப்படி வந்தது என்று கேட்டாள். அதையும் சொன்னேன். பாய் வெளியில் எடுக்காமல் சொந்தத்துக்குள்ளேயே ஜோடி போட்டுக்கொண்டே வந்தார், ரத்தத்தில் ஒளிந்திருந்தது இரண்டு பக்கமும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது.

பாட்டிலை மூடிக்கொண்டிருந்த அவள் புருசனின் கை நின்றது.

பனி எங்களுக்கு நடுவில் வந்து போனது. பள்ளத்தில் சில்வர் ஓக் மரங்களின் தலை மட்டும் தெரிந்து மறைந்தது. அவள் வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். குரல் தாழ்ந்துவிட்டது.

“நாங்களும் சொந்தந்தானுங்க. எங்கம்மாவோட கூடப்பொறந்த தம்பிதாங்க இவுரு.”

நான் அதற்கு முன் அதை யோசித்ததே இல்லை. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான், யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மனுசர் வேறு குருவி வேறு என்று சொல்ல நினைத்தேன். அது எனக்குத் தெரியுமா என்றால் தெரியாது.

“முந்தி போன ரெண்டும் அதனாலங்களா?” என்றாள்.

“எனக்குத் தெரியாதுங்க. டாக்டரத்தான் கேக்கோணும்.”

டாக்டர் எங்கே, எந்த ஆஸ்பத்திரி, கேட்டால் திட்டுவார்களா என்று ஒன்றன்பின் ஒன்றாக அவள் கேட்டாள்.  இத்தனை நாள் மலையேறி வந்தவள் வயிற்றில் இருப்பதை ஒரு டாக்டரிடமும் காட்டியிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குருவி பார்த்துக்கொள்ளும் என்று இருந்திருக்கிறாள்.

புருசன் அப்போதுதான் முதல்முறையாக என்னிடம் பேசினார்.

“வண்டில ஏறுங்க. இதயும் சொல்லிப்போட்டு நடந்து போனா எப்புடி?”

பின்னால் ஏறி உட்கார்ந்தேன். தரையெல்லாம் காய்ந்த மண்ணும் மரவள்ளிக் கிழங்குத் தோலும். வண்டி வளைந்து வளைந்து இறங்கியது. கேபினுக்குள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நேராக உட்கார்ந்திருந்தது பின் கண்ணாடியில் தெரிந்தது. ஒரு வளைவில் அவர் கியரிலிருந்து கையை எடுத்து அவள் கையின் மேல் வைத்தார். அடுத்த வளைவு வந்ததும் எடுத்துக்கொண்டார். பாதி மலைக்குக் கீழே பனி அறுந்தது, வெயில் வந்தது. எனக்கு வெயில் வந்ததே பிடிக்கவில்லை. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

குப்பனூரில் இறக்கிவிட்டார். எங்கே தங்குவாய் என்றார். எங்கேயாவது என்றேன். அவர் வேலைக்கு நிற்கிற சேகோ பேக்டரியில் ஜவ்வரிசிக்கு மரவள்ளிக் கிழங்கு வந்து குவிந்திருக்கிறது, லோடுமேன் ஷெட்டில் படுத்துக்கொள், காலையில் பார்க்கலாம் என்றார். அவள் வண்டியிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அந்தக் குருவிக்கு நொம்ப வலிச்சிருக்குங்களா?”

ஆமாங்க என்றேன்.

காலையில் அவர் சலவை வேட்டி சட்டையில் வந்தார். பேக்டரிக்கு அந்த உடுப்பில் யாரும் வரமாட்டார்கள். மற்றவர்கள் மாப்பிள்ளை பார்க்கப் போறீங்களா என்று கிண்டல் செய்தார்கள். கேட் பக்கத்தில் அவள் ஒரு துணிப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்த் தோல் உரிக்கிற மிஷின் முன்னால் நிறுத்தினார். ஈரமும் புளிப்பு வாடையும். கிழங்கோடு கல் வந்தால் எடுத்து வெளியே போடு, கம்பு வந்தாலும் எடு, பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் கையை நீட்டாதே என்று காட்டினார். இது அவர் நிற்கிற இடம், அவர் வருகிறவரை நான் நிற்க வேண்டும். மேஸ்திரியிடம் சொல்லியாகிவிட்டது.

“சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். அக்கா மகளக் கட்டிருக்கறேன்னு சொன்னாப் போதுமா? இல்ல அந்தக் குருவிக் கதயும் சொல்லோணுமா?”

“அக்கா மகளுன்னு சொன்னாப் போதுங்க. முந்தி ரெண்டு தங்கலேன்னும் சொல்லுங்க.”

அதை அவர் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டைப் பார்த்து நடந்தார். அவள் முன்னால் போனாள், அவர் பையை வாங்கிக்கொண்டார்.

மேஸ்திரி சுவிட்சைப் போட்டார். மேலேயிருந்து கிழங்கு உருண்டு வரத் தொடங்கியது. முதல் கல் வந்தது, எடுத்து வெளியே போட்டேன்.